வீட்டுக்கு ஒரு ஆள்

தண்ணீர் முறை புதன்கிழமை வந்தது. முகாமும் புதன்கிழமைதான் வந்தது.

அந்த வருடம் மேட்டூர்த் தண்ணீர் கீழவடகால் வாய்க்காலுக்கு வந்து சேரப் பிந்திவிட்டது. வந்த பிறகும் வாரத்துக்கு ஒரு நாள்தான் என்று முறை வைத்தார்கள். கண்ணுசாமியின் நான்கு மா நிலம் கடைமடையில் இருந்தது. மேலே உள்ளவர்கள் பாய்ச்சி முடித்தால்தான் அவருக்கு. புதன்கிழமை விடியலிலிருந்து உச்சிவரை அவருடைய நேரம். அதுவரை மடையில் ஆள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும். யாரும் திருடியதாக இருக்காது. நண்டு வளை வழியாகப் போனதாகச் சொல்வார்கள்.

முகாம் பள்ளிக்கூடத்தில். கழுத்தில் ஓடும் ரத்தக் குழாயைப் படம் எடுக்கிறார்கள். நடத்துவது கண்ணுசாமியின் மகள் சுடர்விழி. தஞ்சாவூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர். வயலில் வேலை செய்கிறவர்களின் கழுத்துக் குழாய் எந்த வயதில் தடிக்க ஆரம்பிக்கிறது, எவருக்கு அடைக்கிறது, அடைத்தவர்களில் எத்தனை பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வருகிறது என்று ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்ப்பது அவள் வேலை. இருபத்து நான்கு ஊர். ஆயிரத்து இருநூறு கழுத்து. வீட்டுக்கு ஒருவரைக் கம்ப்யூட்டர் குலுக்கி எடுத்தது. கொடுத்த சீட்டிலும் 'வீட்டுக்கு ஒருவர்' என்று அச்சடித்திருந்தது. சொந்த ஊர் என்பதால் அன்று அவள் வரவில்லை. உறவுக்காரர்களை அவள் கையால் தொடக் கூடாது. அது அவளே எழுதிய விதி.

கண்ணுசாமி வீட்டில் அவர் பேரே விழுந்திருந்தது. அடுத்த வீட்டில் தம்பி அன்பரசனின் மனைவி மலர்க்கொடியின் பேர். அன்பரசனுக்குச் சீட்டு வரவில்லை.

அவர் வரப்பில் வந்து நின்று பீடி பற்ற வைத்தார்.

"அண்ணே, நீ போகலயா? ஒன் மக மெஷின் வந்துருக்கு."

"தண்ணி வந்துருக்குல்ல. மெஷினு நாளைக்கும் இருக்கும்."

"இருக்காது. இன்னைக்கு ஒரு நாள்தான்னு மைக்குல கத்திட்டுப் போறான். மலரு அப்பவே குளிச்சுட்டுக் கெளம்பிட்டா, கல்யாணத்துக்குப் போறாப்ல."

கண்ணுசாமி மண்வெட்டியால் மடையோரத்தில் ஒரு கட்டி மண்ணை வைத்து மிதித்தார். தண்ணீர் காலைச் சுற்றிக் கலங்கலாகப் போனது.

"அப்ப நீ போயிட்டு வா."

"எனக்குத்தான் சீட்டு வரலியே. அண்ணன் மகளுன்னு பேரு, சித்தப்பன் பேர விட்டுட்டா."

"என் சீட்ட எடுத்துட்டுப் போ. மாடத்துல இருக்கு. வீட்டுக்கு ஒரு ஆளுன்னுதான போட்டுருக்கு."

"எதுனா கேட்டா?"

"என்னத்தக் கேக்கப் போறாங்க. ஆளு போகலன்னாதான் கேப்பாங்க. ஊருக்கெல்லாம் படம் எடுக்குறா, அப்பன் வரலன்னு அவளுக்குல்ல கேவலம்."

அது புது வழக்கம் இல்லை. அவர்களுடைய அப்பா பண்ணையாளாக இருந்த காலத்தில் குடிசைக்கு ஒரு ஆள் என்று கணக்கு. அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தம்பி போய் நிற்பான். காரியக்காரர் தலையை எண்ணுவார், முகத்தைப் பார்க்க மாட்டார். பண்ணை போன பிறகும் கோடையில் வாய்க்கால் வெட்டுக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரன் இல்லாவிட்டால் மச்சான் போவான். பேர் வாசிக்கும்போது வந்தவன் அந்த வீட்டுக்காக 'வந்தாச்சு' என்பான். நூறு நாள் வேலையிலும் போட்டோ பிடிக்கத் தொடங்கும் வரை அப்படித்தான். யாரும் அதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. ஆள் குறைவதுதான் தப்பு.

அன்பரசன் சட்டையை மாற்றிக்கொண்டு போனார்.

பள்ளிக்கூடத்தில் ஷீபா உட்கார்ந்திருந்தாள். தரங்கம்பாடிப் பெண். படம் எடுப்பதும் கேள்வி கேட்டு எழுதுவதும் அவள். ஊருக்கு அன்றுதான் முதல் தடவையாக வருகிறாள்.

"பேரு சொல்லுங்கய்யா."

"கண்ணுசாமி."

முன்னால் படம் எடுத்து முடித்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த மலர்க்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வயசு?"

"அறுபத்தொண்ணு." அவருக்கு ஐம்பத்து நான்கு.

"பாத்தா அப்புடித் தெரியலியே."

"சேத்துல கெடக்குறவனுக்கு வயசு எங்கம்மா தெரியுது."

வரிசையில் சிரித்தார்கள். டாக்டரோட அப்பாவாம், அதான் இளமையா இருக்காரு என்றான் ஒருவன்.

"பீடி, சிகரெட் பழக்கம்?"

இடுப்பில் பீடிக்கட்டு இருந்தது. அண்ணன் பீடி தொட்டதில்லை. "இல்ல."

"குடி?"

"இல்ல."

"சர்க்கரை, பிரஷர்?"

"இல்ல."

"வீட்டுல யாருக்காவது பக்கவாதம் வந்துருக்கா?"

"எங்கப்பாருக்கு."

பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அண்ணனைப் பற்றி ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று யோசித்துத்தான் சொன்னார். ஷீபா நானூற்றுப் பதினேழு என்ற எண்ணைத் தாளில் ஒட்டினாள். அந்த எண்ணுக்குமேல் பேர் எங்கும் போகாது. படத்தோடு எண் மட்டும் போகும்.

பெஞ்சில் படுக்க வைத்துக் கழுத்தில் களிம்பு தடவினாள்.

"வெண்ணெ மாதிரி இருக்கே. சில்லுன்னு."

"பேசாதீங்கய்யா. கழுத்து ஆடுது."

வலது பக்கம் கருவியை வைத்தாள். பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சர், சர் என்று விட்டு விட்டு.

"இது என்னம்மா, மட தொறந்தாப்ல?"

"உங்க ரத்தம் ஓடுற சத்தம்தான்."

இடது பக்கம் வைத்தாள். கருவியைத் தாடைக்குக் கீழே நகர்த்தினாள். சத்தம் மாறியது. மெலிந்து, கூர்மையாகி, கீச்சென்று ஏறியது. ஷீபா கையை நிறுத்தினாள். மறுபடி அதே இடத்தில் வைத்தாள். அதே கீச்சு.

"இந்தப் பக்கம் கத்துதே."

"டாக்டர் படத்தப் பாத்துட்டுச் சொல்வாங்கய்யா."

"மட வாய் ஒடுங்கிப் போச்சுன்னா தண்ணி இப்புடித்தான் கத்தும்" என்றார் அன்பரசன்.

ஷீபா அவரைப் பார்த்தாள். பார்த்ததைச் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை. களிம்பைத் துடைக்கத் துணி கொடுத்தாள். வாசலில் ஒரு சோற்றுப் பொட்டலமும் அவித்த முட்டையும் கொடுத்தார்கள்.

அவர் அதை எடுத்துக்கொண்டு நேரே மடைக்கு வந்தார். எலுமிச்சைச் சோறு. இருவரும் வரப்பில் உட்கார்ந்து பாதிப் பாதி தின்றார்கள். முட்டையை அண்ணனிடம் நீட்டினார்.

"நீ தின்னுடா. படுத்து எந்திரிச்சவன் நீ."

"கழுத்துதான் என்னுது. பேரு ஒன்னுது. முட்ட பேருக்குத்தான் வந்துச்சு."

வயல் பாதிக்கு நனைந்திருந்தது. உச்சி வரை தண்ணீர் ஓடியது.

சுடர்விழி படங்களைப் பார்க்க மூன்று வாரம் ஆனது. ஒரு நாளைக்கு முப்பது பார்ப்பாள். எண் மட்டும் தெரியும். ஊர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. தெரிந்தால் கண் அதற்கேற்பப் பார்க்கும். குழாயின் உட்சுவரையும் வெளிச்சுவரையும் தொட்டுத் தடிமனை அளப்பாள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினால்கூட அவளுக்கு அது ஒரு செய்தி.

நானூற்றுப் பதினேழில் அளக்க வேண்டியிருக்கவில்லை. இடது பக்கம், மூளைக்குப் போகும் குழாய் பிரியும் இடத்தில் நான்கில் மூன்று பங்கு அடைத்திருந்தது. அடைப்பு கெட்டியாக இல்லை. கருப்பாக, சதசதவென்று இருந்தது. அதன் மேல்விளிம்பில் எலி பறித்த வரப்பு மாதிரி ஒரு பள்ளம். அங்கிருந்துதான் உடைந்து போகும். அவள் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தாள். உடனே அழைக்க வேண்டியவர் என்று குறித்து அனுப்பினாள்.

மறுநாள் உறையில் பேர் வந்தது.

கண்ணுசாமி.

இப்படி ஒருவரை அழைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான்கு பக்கம் இருந்தது. அவள் எழுதியது. முதலில், வந்தவர் முகாமுக்கு வந்தவர்தானா என்று கேட்க வேண்டும். இரண்டாவது, என்ன பார்த்தோம் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்லி, எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் மறுபடம்.

அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குத் தஞ்சாவூர் வரமுடியுமாப்பா?"

"நாத்து பறிக்கணுமே. என்னா சேதி?"

"ஒண்ணுமில்ல. அன்னைக்கு எடுத்த படம் சரியா விழல. திரும்ப ஒண்ணு எடுத்துரலாம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பயந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் வரணுமா?"

"பின்ன யாருப்பா வருவா?"

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்தார். ஷீபா அன்று வேறு ஊர் முகாமில் இருந்தாள். படத்தை எடுத்தது பெரிய டாக்டர் ஜெரால்ட். சுடர்விழி வெளியே நின்றாள். கால் மணி நேரம் கழித்து அவர் கதவைத் திறந்தார்.

"என்ன சுடர், இவரையா சொன்னே? முப்பது வயசுக்காரன் கழுத்து."

"இடது பக்கம் சார்?"

"ரெண்டு பக்கமும். வந்து பாரு."

பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மென்மையான இரண்டு கோடுகள்.

"அப்ப அந்தப் படம்?"

"நெழல் விழுந்துருக்கும். இல்ல, நம்பர் மாறியிருக்கும். சரி பாத்துரு."

அவள் சரி பார்த்தாள். நானூற்றுப் பதினாறு, நானூற்றுப் பதினெட்டு, முன்னும் பின்னும் பத்துப் பத்து எண். தாளும் படமும் ஒத்துப்போயின. மாறவில்லை. அந்தப் பள்ளத்தை நிழல் என்று நம்பச் சிரமமாக இருந்தது. ஆனால் நம்பினாள். 'படப் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. அப்பாவிடம் போய் நீங்கள் நீங்கள்தானா என்று எப்படிக் கேட்பது.

ரயிலடிப் பக்கம் ஓட்டலுக்கு அழைத்துப் போனாள். அவருக்கு ரவா தோசை. அவளும் இரண்டு தின்றாள். எதற்கெடுத்தாலும் சிரித்தாள்.

"என்னம்மா இன்னைக்கு இவ்ளோ சந்தோஷம்?"

"சும்மாதாம்ப்பா."

பஸ் ஸ்டாண்டில் அவர் நின்றார்.

"சுடரு, அன்னைக்கு முகாம்ல..."

பாபநாசம் பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஆட்கள் முண்டினார்கள்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. அப்பறம் சொல்றேன்."

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. யோசித்துக்கொண்டே போனார். தம்பி போனதைச் சொன்னால் அவள் வேலைக்குத்தான் கெட்ட பேர். சொந்த அப்பனே ஆள் மாற்றி அனுப்பினான் என்பார்கள். இப்போது அவருடைய படமே எடுத்தாகிவிட்டது. அவர் பேரில் அவர் கழுத்து. தப்பு அதுவாகச் சரியாகிவிட்டது. அவருக்கு நிம்மதியாக இருந்தது.

நடவு புரட்டாசிக் கடைசியில். பெண்கள் எட்டுப் பேர் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். அன்பரசன் வரப்பிலிருந்து நாற்று முடிகளை வீசிக்கொண்டிருந்தார். அவர் வீசினால் முடி சரியாக ஆள் முன்னால் போய் விழும். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

ஒரு முடி கையை விட்டு அவர் காலடியிலேயே விழுந்தது.

"என்ன கொழுந்தனாரே, இன்னைக்கு வீச்சு ஒரு முழந்தானா?" என்றாள் கண்ணுசாமியின் மனைவி ராசம்மாள். "கைய வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டீங்களா?"

அவர் குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. வலது கை தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ சொன்னார். சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி இருந்தது.

மலர்க்கொடி சேற்றிலிருந்து ஏறி ஓடிவந்தாள். வரப்பில் உட்கார வைத்து நீராகாரம் கொடுத்தார்கள். பாதி கடைவாயில் வழிந்தது. பத்து நிமிடத்தில் கை திரும்பியது. பேச்சும் திரும்பியது.

"பித்தம்" என்றார். "காலையில வெறும் வயித்துல வந்துட்டேன்."

"பித்தத்துல கையா வுழும்?" என்றாள் மலர்க்கொடி. "மத்தியானம் பஸ்ஸ புடிங்க. சுடருக்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துருங்க."

"எத காட்டுறது? நான்தான் படுத்து எந்திரிச்சாச்சே. ஏதாவது இருந்தா சும்மா வுட்டுருப்பாளா?"

"படம் விழலன்னுதாண்டா சொன்னா" என்றார் கண்ணுசாமி.

"அதுக்குத்தான் ஒன்னைய திரும்பப் பாத்துட்டா. ஒண்ணுமில்லன்னுட்டா. ரெண்டு பேரும் ஒரு வயித்துல பொறந்தவன். ஒனக்கு இல்லாதது எனக்கு எங்கேருந்து வரும்?"

கண்ணுசாமி தலையை ஆட்டினார். "ரத்தம் ஒண்ணுதான்" என்றார்.

"போயிட்டு வந்தா என்ன கொறஞ்சு போச்சு?" மலர்க்கொடி விடவில்லை.

"போயி என்னன்னு சொல்றது? அண்ணன் பேருல நான் வந்தேம்மான்னா? நடவு முடியட்டும் போறேன். களை வரும், களை முடியட்டும்." அவர் எழுந்து வலது கையை இரண்டு தடவை உதறினார். பீடி பற்ற வைத்தார். விரல்கள் ஆடவில்லை. "பாத்தியா."

ஒரு முடியை எடுத்து வீசினார். அது கடைசியாளுக்கு முன்னால் போய் விழுந்தது. பெண்கள் ஓவென்றார்கள்.

மூன்று வாரம் அப்படிப் போனது.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. தண்ணீர் இல்லாமல் பிந்திய நடவு இப்போது தண்ணீரில் முழுகியது. பயிர் நுனி மட்டும் தெரிந்தது. ஆறாம் நாள் காலை அண்ணனும் தம்பியும் மழைக்குச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு வடிகாலில் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். அன்பரசன் முன்னால் இருந்தார்.

"அந்தக் கொடிய புடி" என்றார் கண்ணுசாமி.

அன்பரசன் திரும்பினார். அண்ணனைப் பார்த்தார். முகத்தின் வலது பக்கம் கீழே இறங்கியிருந்தது. அப்படியே பக்கவாட்டில் தண்ணீருக்குள் சாய்ந்தார்.

டிராக்டர் பெட்டியில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மண் பாதையில் இரண்டு இடத்தில் சக்கரம் புதைந்தது. பாபநாசத்திலிருந்து ஆம்புலன்ஸ். தஞ்சாவூர் போகும்போது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பாதியில் பெரிய இடம் ஏற்கெனவே செத்துவிட்டது என்றார்கள். இனி அடைப்பைக் கரைக்க மருந்து கொடுத்தால் ரத்தம் கசியும்.

சுடர்விழி வந்தபோது கழுத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரச் செருப்போடு உள்ளே போனாள். சித்தப்பாவின் முகத்தைப் பார்க்கும் முன் திரை கண்ணில் பட்டது.

அந்தக் கழுத்தை அவள் முன்பே பார்த்திருந்தாள்.

குழாய் பிரிகிற கோணம். கருப்பான அடைப்பு. மேல்விளிம்பில் எலி பறித்த பள்ளம். இப்போது பள்ளத்தின் மேல் புதிதாக ஒன்று படிந்து வழியை மூடியிருந்தது. பெட்டியிலிருந்து சத்தம் வரவில்லை.

கண்ணுசாமி வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். கால்களில் சேறு வெளுத்துக் காய்ந்திருந்தது. அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா. முகாமுக்கு யாரு போனது?"

அவர் உடனே சொன்னார். "தம்பி."

"நீங்க?"

"மடையில நின்னேன்."

ஒரு தள்ளுவண்டி போனது. அது போகும்வரை இருவரும் காலை மடக்கிக்கொண்டார்கள்.

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ கேக்கல." கொஞ்சம் கழித்து, "சொல்ல வந்தேன். பஸ்ஸு வந்துருச்சு" என்றார்.

"படம் சரியா விழலன்னியே. விழுந்துச்சா?"

"விழுந்துச்சுப்பா."

"அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எவ்ளோ?"

"நாலுல மூணு பங்கு. அப்பவே ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்."

அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். ஆகாயத்தாமரை வேர் நகத்தில் சிக்கியிருந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க பயந்துருவீங்கன்னு."

"பயந்துருந்தா சொல்லியிருப்பேனே" என்றார் கண்ணுசாமி. "அது நான் இல்ல, தம்பின்னு சொல்லியிருப்பேன்."

மழை நின்று நின்று பெய்தது. அவர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்பரசன் சாகவில்லை. இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது. என்ன கேட்டாலும் அதுதான் வந்தது.

"இல்ல."

"சோறு வேணும்னாலும் அதான், வேணாம்னாலும் அதான்" என்றாள் மலர்க்கொடி, பார்க்க வந்தவர்களிடம். "நான் மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சுக்குவேன்." சில நாள் புரியாது. அவர் இல்ல, இல்ல, இல்ல என்று கத்துவார். இடது கையால் தட்டைத் தள்ளுவார். பிறகு அழுவார். அவள் சிந்திய குழைசோற்றை வழித்து எடுப்பாள்.

சுடர்விழி நடந்ததை எழுதி நிலையத்தில் கொடுத்தாள். இருபத்து நான்கு ஊரிலும் திரும்பப் போய்க் கேட்டார்கள். அண்ணனுக்குத் தம்பி, மாமனாருக்கு மருமகன், அக்காளுக்குத் தங்கை. நூற்று முப்பத்தாறு பேர். கேட்டபோது யாரும் மறைக்கவில்லை. வீட்டுக்கு ஒருவர் என்றுதானே போட்டிருந்தீர்கள் என்றார்கள். அவற்றில் எந்தக் கழுத்து யாருடையது என்று சரிசெய்ய முடிந்தவற்றைச் சரிசெய்தார்கள். நானூற்றுப் பதினேழு அன்பரசன் பேருக்கு மாறியது. கண்ணுசாமியின் பேர் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது. படிவத்தின் தலையில் சுடர்விழி ஒரு வரி சேர்த்தாள். 'பெயரையும் பதிலையும் பங்கேற்பவரே தம் வாயால் சொல்ல வேண்டும். அவருக்காக வேறு எவரும் சொல்லக் கூடாது.'

வைகாசியில் வாய்க்கால் வெட்டு வந்தது. தெருவுக்குப் பின்னால்தான் வாய்க்கால். காலையில் ஒரு தடவையும் மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு தடவையும் பாசனச் சங்கத்துத் தியாகராசன் நோட்டைப் பார்த்துப் பேர் வாசித்தார்.

"கண்ணுசாமி வீடு."

"வந்தாச்சு."

"அன்பரசன் வீடு."

"வந்தாச்சு."

இரண்டும் ஒரே குரல். யாரும் நிமிரவில்லை. கண்ணுசாமிக்கு அளந்து விட்ட இடம் மற்றவர்களுடையதைப்போல் இரண்டு பங்கு. ராசம்மாள் கூடையில் மண் சுமந்தாள். மற்றவர்கள் ஏறிய பிறகும் அவர் உள்ளேயே வெட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்குத்தான் ஷீபா வந்தாள். ஆய்வில் உள்ளவர்களை மறுபடி பார்க்கும் சுற்று. சுடர்விழியும் வந்திருந்தாள். உறவுக்காரர் என்பதால் எதையும் தொடாமல் கதவோரம் நின்றாள்.

கூடத்தில் கயிற்றுக் கட்டில். தலைமாட்டில் மின்விசிறி. மலர்க்கொடி அவருக்குச் சட்டை போட்டு, இடது பக்கமாக வகிடெடுத்துத் தலை சீவி வைத்திருந்தாள்.

"ஐயா, என்னைத் தெரியுதா?" என்றாள் ஷீபா. "மட சத்தம்னு சொன்னீங்களே."

அவர் அவளைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. "இல்ல."

"தெரியுது அவருக்கு" என்றாள் மலர்க்கொடி.

ஷீபா படிவத்தை விரித்தாள். "உங்க பேரு சொல்லுங்கய்யா."

அவருடைய இடது உதடு கூடியது. கழுத்து நரம்பு புடைத்தது. எங்கிருந்தோ ஒன்றை இழுத்து மேலே கொண்டுவருவது மாதிரி முக்கினார்.

"இல்ல."

"அன்பரசன்" என்றாள் மலர்க்கொடி. "எழுதிக்கம்மா."

ஷீபா எழுதவில்லை. கதவுப் பக்கம் பார்த்தாள். மலர்க்கொடியும் பார்த்தாள்.

"கூடாது சித்தி" என்றாள் சுடர்விழி.

"என்ன கூடாது?"

"அவரேதான் சொல்லணும்."

"அவரு எப்புடிடீ சொல்லுவாரு? நான் அவரு பொண்டாட்டி."

"தெரியும் சித்தி."

"அன்னைக்கு அண்ணன் பேரச் சொல்லிக்கிட்டு வந்தப்ப கேள்வி கேக்காம எழுதுனீங்க. இன்னைக்குச் சொந்தப் பேருல கெடக்குறாரு. இப்ப எழுத மாட்டீங்களா?"

சுடர்விழி கட்டில் பக்கம் திரும்பினாள். அவளைச் சின்ன வயதில் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பாபநாசம் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் கட்டிலில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பேர் சொல்லச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். வாத்தியார் கேட்டா சத்தமா சொல்லணும், சரியா.

"அடுத்த கேள்வி கேளு ஷீபா" என்றாள்.

பேர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஷீபா அடுத்த வரிக்குப் போனாள்.

"பீடி, சிகரெட் பழக்கம்?"

"இல்ல."

கோடு போட்டாள்.

"குடி?"

"இல்ல."

கோடு போட்டாள். மலர்க்கொடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"இதுக்கு முன்னால பக்கவாதம் வந்துருக்கா?"

"இல்ல."

ஷீபாவின் பேனா தாளின் மேல் நின்றது. மின்விசிறி படிவத்தின் ஓரத்தைத் தூக்கியது. அவள் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டாள்.

பின்னால் வாய்க்காலில் சோற்றுக்குப் பிந்திய பேர் வாசிப்பு நடந்தது. ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்தது.

"அன்பரசன் வீடு."

கட்டிலில் அவர் தலையைத் திருப்பினார். இடது கை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. உதடு கூடியது.

"வந்தாச்சு" என்றது கண்ணுசாமியின் குரல்.